ஹயாத்து நானா எழுதாத காலம்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். இதை நானே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். பெயர் றொபி. கற்பிட்டிக் கரையில் படகு எஞ்சின் திருத்துகிறேன். பெரிய வெள்ளிக்குக் கோயிலில் போடும் பாடுகளின் நாடகத்தில் மீசை முளைத்த நாளிலிருந்து நடிக்கிறேன். யூதாஸ், பிலாத்து, இடப்பக்கத்துக் கள்ளன் எல்லாம் ஆகியாயிற்று. யேசு மட்டும் ஆனதில்லை. ஒரு கன்னத்தில் அடித்தால் மறு கன்னத்தைக் காட்டுகிற முகமா இது என்று பங்குச் சுவாமியார் கேட்டுவிட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

கூட்டத்தோடு கூட்டமாக நின்று நடித்து அலுத்துவிட்டது. ஒரு தடவையாவது தனி ஆளாக மேடையில் நின்று, வேறு யாருக்கும் இடம் விடாமல், ஒரு முழு வாழ்க்கையை நடித்துக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். யாருடைய வாழ்க்கை என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. ஹயாத்து நானா இருந்தார்.

ஹயாத்து முகம்மது என்றால் புத்தளம் பக்கத்தில் தெரியாத ஆள் இல்லை. கவியரங்கு, கலியாண வீடு, பள்ளிக்கூட விழா, எங்கே ஒலிவாங்கி இருக்கிறதோ அங்கே அவர் இருப்பார். பிழைப்புக்குக் கருவாட்டு வியாபாரம். தில்லையடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் எங்கள் கரைக்கு வருவார். கருவாட்டைக் கட்டி ஏற்றிவிட்டு என் பட்டறைக்குள் புகுந்து, ஒரு மரப்பெட்டியில் குந்திக்கொண்டு, புதிதாக எழுதியதைச் சொல்வார். நான் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பேன். அவருடைய கதையை நாடகமாக்கப் போகிறேன் என்று சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ட வாழ்க்கையில என்ன இரிக்கி, றொபி? கருவாடும் கவிதையும். ரெண்டும் காயப்போட்டு வித்தது."

அவர் முன் வரிசையில் உட்கார்ந்து பார்க்கப்போகிற நாடகம் என்று நினைத்துத்தான் எழுதத் தொடங்கினேன். பாதி எழுதுவதற்குள் நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார். எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. கொஞ்ச நாள் எஞ்சின்களோடு மட்டும்தான் பேசினேன்.

பிறகு தில்லையடியில் அவருடைய நண்பர்கள் கூடி ஒரு நினைவுக் கூட்டம் வைப்பதென்று முடிவானது. பாடசாலை மண்டபமும் கிடைத்தது, என் நாடகம் கடைசி நிகழ்ச்சி என்றும் சொன்னார்கள். மகன் ஃபாஹிம், போன் திருத்தும் கடை வைத்திருக்கிற அமைதியான பையன், தனக்கு மறுப்பில்லை என்றான். ஆனால் உம்மா சம்மதித்து ஓம் சொன்னால்தான் சரி என்றான்.

உம்மா என்றால் நானாவின் மனைவி மர்ளியா ராத்தா. அவர் அப்போது இத்தாவில் இருந்தார். புருஷன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆணின் கண்ணில் படக்கூடாது. கூட்டமோ இத்தா முடிவதற்கு முன்பே வருகிறது. எழுத்துப் பிரதியை ஃபாஹிம் வாசித்துக் காட்டட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அதற்கு அவரிடமிருந்து வந்த பதில், நாடகத்தை வாசித்துக் கேட்க அது என்ன கலியாணக் கார்டா, ஆள் வந்து நடிக்கட்டும், நான் திரைக்கு உள்ளே இருந்து கேட்கிறேன் என்பது. மகன் பக்கத்தில் இருந்தால் அதில் தவறில்லை என்று மௌலவியிடமும் கேட்டு வைத்திருந்தார். தெளிவான மனுஷி.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த நேரம் போனேன். முன் அறையில் கதிரைகளைச் சுவரோரம் ஒதுக்கி, குறுக்கே கயிறு கட்டி, பூப்போட்ட பெட்சீட் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கள் கூத்தில் நடிகன்தான் திரைக்குப் பின்னால் நின்று வரவுப் பாட்டுப் பாடுவான். இங்கே சபை திரைக்குப் பின்னால் இருந்தது. இந்தப் பக்கம் ஃபாஹிமும், தங்கை அஸ்ரியாவும். அஸ்ரியா பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். ஒல்லியான பிள்ளை, வாய் திறப்பது குறைவு.

நானாவைப் போல வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட், தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு நடுவில் வந்து நின்றேன். அடுத்த நொடி என் கை தானாக நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு வந்து, இரண்டு தோளையும் தொட்டுவிட்டது. சிலுவை போடாமல் எங்கள் ஆட்கள் கடலிலும் இறங்குவதில்லை, மேடையிலும் ஏறுவதில்லை. தலையில் தொப்பி இருப்பது கைக்குத் தெரியவா போகிறது? ஃபாஹிம் காற்றாடியை அண்ணாந்து பார்த்தான். அஸ்ரியா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

முதற் பாதி நன்றாகவே போனது. சின்ன வயது, உப்பளத்தில் வேலை செய்த வாப்பா, முதல் கவியரங்கில் தொடை நடுங்கியது, பெண் பார்க்கப் போன இடத்தில் கவிதை சொல்லி மாமனாரிடம் ஏச்சு வாங்கியது. அந்த இடத்தில் திரைக்கு அந்தப் பக்கம் 'ம்ஹும்' என்று ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பா கண்டிப்பா என்று தெரியவில்லை, ஆனால் உசார் வந்தது.

பிறகு என் காட்சி. என் காட்சி என்று ஏன் சொல்கிறேன் என்றால், நான் மிகவும் பெருமைப்பட்டது அதில்தான். நானாவின் முதல் புத்தகத்துக்கும் இரண்டாவது புத்தகத்துக்கும் நடுவில் மூன்று வருடம் அவர் ஒரு வரியும் எழுதவில்லை. நோயாளிப் பிள்ளை பிறந்தது, குடும்பச் சுமை ஏறியது, கவிஞரின் பேனா ஓய்ந்தது என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அவர் மௌத்தான பிறகு மேடைகளிலும் அப்படித்தான் பேசினார்கள். எனக்கு அது அல்வா கிடைத்த மாதிரி இருந்தது. நான் வளர்ந்த இடத்தில், ஒரு ஆளை மேடையில் ஏற்றினால் அவர் பாடுபட வேண்டும், மூன்று தரம் விழ வேண்டும். அப்போதுதான் சனம் அழும், அழுதால்தான் நாடகம். ஆகவே நானாவைக் கதிரையில் உட்கார வைத்து, அவருடைய பிரபலமான இரண்டு வரியைச் சொல்ல வைத்தேன்.

உப்பு விளைகிற ஊரில் பிறந்தேன்,
என் கண்ணீருக்கு இங்கே விலையில்லை.

அதற்குப் பிறகு பேச்சே கிடையாது. பேனா கையிலிருந்து விழும். எடுக்கக் குனிவார், முடியாது. முழங்காலில் விழுவார். முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்குவார். ஒத்திகையில் இதைப் பார்த்து என் மனைவி மெரினா அழுதிருக்கிறாள். அன்றும் நான் முழங்காலில் இருந்தபோது அஸ்ரியா எழும்பி உள்ளே போனாள். கண்ணீரை மறைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் மனம் குளிர்ந்துபோனது.

திரைக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது.

"கரண்ட் போயிட்டா, மகன்?"

"இல்ல உம்மா. நடிக்கிறாரு."

"சத்தத்தக் காணல்லியே."

முழங்காலில் இருந்தபடியே நான் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. இது நானா எழுதாமல் இருந்த மூன்று வருடம், அந்த வேதனையைப் பேச்சில்லாமல் காட்டுகிறேன் என்றேன்.  அந்த உப்புப் பாட்டு எங்கே பாடியது என்று தெரியுமா தம்பி என்று ராத்தா கேட்டார். தெரியாது என்றேன். ஒரு உப்பு முதலாளியின் மகள் கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரைச் சிரிக்க வைக்கப் பாடிய பகிடிப் பாட்டாம் அது. முதலாளிக்குச் சிரித்துச் சிரித்து வாயில் இருந்த வெற்றிலை சட்டையில் கொட்டியதாம். நான் அதைக் கல்வாரி மலைக்குக் கொண்டுபோயிருக்கிறேன்.

எழுதாமல் இருந்த காரணத்தையும் சொன்னார். அஸ்ரியா மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை. உள்ளங்கையில் அடங்குகிற அளவு. கிடத்தினால் மூச்சு முட்டும், நெஞ்சோடு வைத்திருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ராத்தாவுக்கு அப்போது எழும்பி நடக்க முடியாத சுகவீனம். ஆக நானாதான் பிள்ளையைச் சுமந்திருக்கிறார். பிள்ளை தேறிய பிறகும் அவரை விட்டு இறங்கவில்லையாம். அவரும் இறக்கவில்லையாம்.

"கை ரெண்டும் புள்ளையில. பேனாவ எதால புடிக்கிற, காலாலயா? கவலையில எழுதாம இருந்தாரு எண்டு ஆரு சொன்ன? அந்த மூணு வருஷம் அவரு சிரிச்ச சிரிப்ப நான் பொறகு காணல்ல. உங்கட பெரிய வெள்ளியக் கொண்டாந்து எங்கட வீட்டுல வச்சிட்டீங்களே, தம்பி."

என் கோபத்துக்கு அது போதும். இத்தாவில் இருக்கிற பெண்ணோடு வாக்குவாதம் செய்யலாமா என்று யோசிக்கிற புத்தி அப்போது இல்லை. சனம் அழாவிட்டால் நாடகம் நிற்காது ராத்தா, அந்தக் காட்சியை எடுத்தால் மற்றதெல்லாம் சரிந்துவிடும் என்று பெட்சீட்டில் இருந்த பூக்களைப் பார்த்துச் சொன்னேன்.

"அழுறதுக்கு நான் இரிக்கேன். நீங்க அவரு சிரிச்சதப் போடுங்க."

ஃபாஹிம் தலையைக் குனிந்துகொண்டான். நான் எழும்பினேன். அப்போது ராத்தா குரலைத் தாழ்த்தினார். உள்ளே அஸ்ரியாவுக்குக் கேட்கக் கூடாது என்று தாழ்த்தியது எனக்கு விளங்கியது.

"இப்ப எழும்பி உள்ளுக்கு வந்தாளே, அவ சின்னதுல இருந்து கேக்குறா. நீ பொறந்துதான் வாப்பாட கவிதை நிண்டு போச்சு எண்டு. மௌத்து வீட்டுலயும் ஒருத்தர் சொல்லிட்டுப் போனாரு. நான் இல்ல எண்டு சொன்னா, உம்மா ஆறுதலுக்குச் சொல்றா எண்டு நினைக்கிறா. ஊர் சொன்னாத்தான் நம்புவா. உங்கட மேடை ஊர்தானே, தம்பி. நீங்களும் அதையே லைட் போட்டுக் காட்டினா நான் எப்படி ஓம் சொல்ற?"

இதற்கு மனுஷன் என்ன செய்ய வேண்டும்? மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான், அப்படியென்றால் என்னிடம் நாடகமே இல்லை என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, மோட்டார் சைக்கிளை உதைத்தேன்.

பாலாவிச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றியதும் கடைக்காரர் ஸலாம் சொன்னார். ஏன் எனக்குச் சொல்கிறார் என்று பார்த்தால், நானா வேஷத்துத் தொப்பி இன்னும் என் தலையில் இருக்கிறது. வழக்கமாக என் கோபம் வீடு வந்து சேர்ந்து, இரண்டு சட்டி நசுங்கிய பிறகுதான் போகும். அன்று அந்தக் கடை வாங்குப் பலகையிலேயே போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தது வெட்கம். அந்தப் பிள்ளை எழும்பிப் போனபோது நான் பெருமைப்பட்டதை நினைக்க நினைக்க உடம்பு கூசியது. அவள் நெஞ்சில் குத்திவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மெரினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போய்ப் பக்கத்து வீட்டு றோசாவின் கைக்குழந்தையை வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். எங்கள் மகன் கிளைட்டன் பிறந்த காலத்தில் நான் தினமும் கடலில். அவன் இப்போது இத்தாலியில், மீசை வைத்த ஆள். குழந்தை தூக்குவது மறந்துபோனதா, தெரிந்தே இருக்கவில்லையா என்று சொல்ல முடியவில்லை. எட்ட நின்று பார்த்துவிட்டு மெரினா சொன்னாள்: "எஞ்சினைத் தூக்கிற மாதிரித் தூக்கிறீங்க. அதில எண்ணெய் ஒழுகாது. பயப்படாதேங்க." அவள் சொல்லி வாய் மூடவில்லை, என் சாரம் நனைந்தது.

ஒவ்வொரு பின்னேரமும் அந்தக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்கும் கடலுக்கும் இடையில் நடந்தேன். ஊரில் பார்த்தவன் எல்லாம் சிரித்தான், ஒருவனையும் ஏசவில்லை. தூங்கிவிட்ட பிள்ளையோடு திரும்பும்போது ஆள் எப்படித் திரும்புகிறான் என்று பார்த்துக்கொண்டேன்: முதலில் கால், பிறகு இடுப்பு, கடைசியாகத்தான் தோள். கொசு கடித்தால் அடிக்க முடியாது, ஊதத்தான் முடியும். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட வேண்டும். பிறகு குழந்தையை றோசாவிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு அதே நடையை நடந்து பார்த்தேன். கை பாரம் இல்லாமல் இருந்தது. மறுபடி வாங்கினேன், மறுபடி கொடுத்தேன், பாரம் கையில் தங்கும் மட்டும்.

காட்சியைப் புதிதாகக் கட்டியபோது ஒன்று விளங்கியது. இப்போதும் அதில் பேச்சுக்கு இடமில்லை. முன்பு வேதனைக்காக வாயைக் கட்டினேன். இப்போது பேசினால் பிள்ளை எழும்பிவிடும். ஆனால் ஓம் சொல்ல வேண்டிய ஆள் திரைக்குப் பின்னால் இருக்கிறார். அவருக்கு இந்த நடையை எப்படிக் காட்டுவது? வழி தெரியாமலேயே ஃபாஹிமுக்குப் போன் எடுத்தேன். உம்மா வரச் சொல்கிறார் என்று உடனே சொன்னான். நான் திரும்பி வருவேன் என்று அவர் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம்.

அதே அறை, அதே கயிறு. ஒரு மேசை மட்டும் புதிதாகப் போடச் சொல்லியிருந்தேன். இந்த முறை பெட்சீட்டில் கோடு போட்டிருந்தது. அஸ்ரியா கதவோரக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்றால் எழும்பிப் போக வசதியான இடம். நான் முதலில் திரைக்கு நேரே நின்று, அன்று நடந்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றேன். நேரம் போகுது, தொடங்குங்க என்றார் ராத்தா.

உப்புப் பாட்டைக் கலியாண வீட்டில் வைத்தேன். முதலாளியின் வெற்றிலையையும் போட்டேன். திரைக்குப் பின்னால் சிரிப்புக் கேட்டது, சந்தேகமே இல்லாத சிரிப்பு. ஃபாஹிமும் சிரித்தான். அஸ்ரியா மட்டும் மடியில் கை கோத்தபடி இருந்தாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

நான் பேனாவைச் சட்டைப் பையில் செருகினேன். குனிந்து, இல்லாத பிள்ளையை எடுத்தேன். நடக்கத் தொடங்கினேன்.

காற்றாடிச் சத்தம் மட்டும்தான். முதல் சுற்று முடிந்தது.

"இப்ப என்ன செய்றாரு?" என்று கேட்டார் ராத்தா.

"நடக்கிறாரு உம்மா," என்றான் ஃபாஹிம்.

"நடந்து?"

"சும்மா நடக்கிறாரு."

போன் திருத்துகிறவனிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. நாடகம் இங்கேயே கவிழ்ந்தது என்று நினைத்தேன். வாயைத் திறந்து விளக்கம் சொல்லலாமா என்றும் நினைத்தேன். சொன்னால் கையில் இருக்கிற பிள்ளை இல்லாமல் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். கொசுவை ஊதினேன்.

"கையில புள்ள இரிக்கி, உம்மா."

அஸ்ரியாதான். கதிரையை விட்டு எழும்பியிருந்தாள். நான் வாசலுக்குத்தான் போகப்போகிறாள் என்று பயந்தேன். அவள் போனது திரைப் பக்கம். பெட்சீட்டின் ஓரத்தில், உம்மாவும் தெரிகிற, நானும் தெரிகிற இடத்தில் போய் நின்றாள்.

"தோள்ல போட்டிரிக்காரு. ஒரு கை முதுகுல. மத்தக் கை தலையில." வகுப்பில் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "கொசுவ ஊதுறாரு. அடிக்கல்ல, அடிச்சா புள்ள எழும்பிடும்."

"ம்," என்றார் ராத்தா.

"மேசைக்குப் பக்கத்துல வாறாரு. சட்டைப் பையில பேனாவப் பாக்குறாரு. எடுக்கப் போறாரு." இங்கே அவள் குரல் நின்றது. இந்த இடத்தைத்தான் ஊர் அவளுக்கு இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டு இருந்தது. நான் சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்தேன், மேசையில் வைத்தேன், அந்தக் கையைப் பிள்ளையின் முதுகுக்கே கொண்டுபோனேன். போகிற வழியில் ஒரு தடவைகூட மேசையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வச்சிட்டாரு உம்மா," என்றாள். "அவராத்தான் வச்சாரு."

"அவரு எப்பவும் அப்படித்தான் வைக்கிற. பொறகு?"

பிள்ளையைத் தோளில் இருந்து மெல்ல இறக்கி, முகத்துக்கு நேரே பிடித்தேன். பட்டறையில் மரப்பெட்டியில் குந்தியிருந்து அந்த மனுஷன் என்னைப் பார்த்துச் சிரித்தது எத்தனையோ தரம். எனக்கு நடிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

"மொகத்துக்கு நேர தூக்குறாரு." அஸ்ரியாவின் குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "என்னப் பாத்துச் சிரிக்கிறாரு, உம்மா."

 திரைக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மர்ளியா ராத்தா சொன்னார், மண்டபத்தில் முன் வரிசையில் மகளுக்கு ஒரு கதிரை போடச் சொல்லி. அதுதான் ஓம். எனக்கு விளங்கியது, ஃபாஹிமுக்கும் விளங்கியது.

எழுதியபடி என்றால் நான் இப்போது பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு அடுத்த காட்சிக்குப் போக வேண்டும். கிடத்தவில்லை. அஸ்ரியா இன்னும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளையை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு இன்னொரு சுற்று நடந்தேன்.